போறணை பற்றாத காலையில் கேட்ட குரல்

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். கேக் சுடுகிற போறணை இப்போது ஒழுங்காக எரிகிறது. நீ முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்பதால் அதையே முதலில் எழுதுகிறேன். என் கண்ணும் பரவாயில்லை. புரை எடுத்த பிறகு சொட்டு மருந்து தவறாமல் விட்டு வருகிறேன். முற்றத்துக் கொடியில் காய்கிற பழைய உடுப்புகளின் நிறங்கள்கூட நேற்று வாங்கியவை மாதிரித் தெரிகின்றன. இந்த இரண்டும் தெரிந்தால் உனக்கு நிம்மதிதான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விசயத்துக்கு.

போனில் சொல்லலாம்தானே என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் பாதியிலேயே, "சரி சரி உம்மா, விளங்குது" என்பாய். விளங்கியிருக்காது. கடிதத்தை யாரும் குறுக்கே மறித்துப் பேச முடியாது. எதிர்வீட்டு மருமகன் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். உறையை ஒட்டவில்லை, வேண்டுமென்றுதான் ஒட்டவில்லை. உன் அறையில் உன்னோடு இருக்கிற பொடியன்மாரும் வாசிக்கட்டும். அவர்களுக்கும் வீட்டில் பொஞ்சாதிமார் இருக்கிறார்கள், அவர்களும் வேலை முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் போனில் கதைக்கிறார்கள்.

அந்த வெளியூர்ப் பொடியன்மாருக்காக ஒன்றை எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். நஸ்லியாவுக்கு அவளுடைய உம்மாவும் வாப்பாவும் மருதமுனையில் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு நீ அப்படித்தான் போனாய். நான் சாய்ந்தமருதில் தனியாக இந்த வீட்டில் இருந்தேன். அதனால் மாமியும் மருமகளும் ஒரே அடுக்களையில் நின்று ஒருவர் குணத்தை ஒருவர் படிக்கிற வேலை எங்களுக்கு இருக்கவில்லை. கலியாணம் முடிந்து சில மாதத்திலேயே நீயும் கத்தாருக்குப் போய்விட்டாய். அவள் பெருநாளைக்கு வருவாள், சுகயீனம் என்றால் வருவாள், வரும்போது ஏதாவது கொண்டு வருவாள், மரியாதையாக இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். நல்ல பிள்ளை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு இருந்தேனே தவிர, அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது. உன்னுடைய ஒரு புதுப் பக்கத்தையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு ஹாஜராவின் மகளுக்கு அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். கேக்கும் பணிசும் நான் செய்து தருவதாக, கண் ஒப்பரேசனுக்கு நாள் குறிக்க முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். ஒப்பரேசன் முடிந்ததும் டொக்டர், கொஞ்சக் காலத்துக்கு நெருப்புச் சூட்டுக்கு முன்னால் நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் நீ அனுப்பிய அந்தக் கேஸ் போறணை பல வாரமாகச் சும்மா கிடந்தது. ஹாஜராவிடம் எப்படி இல்லை என்று சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நஸ்லியாவே போன் எடுத்தாள்.

"நீங்க கதிரையில இருந்து சொல்லுங்க மாமி, நான் செய்யிறன். பாமஸில லீவு கேட்டுட்டன்" என்றாள். கல்முனையில் அவள் வேலை செய்கிற மருந்துக் கடையில் லீவு எடுப்பது லேசில்லை.

சுபஹ் தொழுதுவிட்டு, இருட்டு விலகியதும் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். அபாயாவைக் கழற்றிக் கொளுவிவிட்டு, கையைக் கழுவி மாவுக்குள் இறங்கினாள். மாப் பிசைகிற கை அவளுக்கு வாய்த்திருக்கிறது. பணிசுக்கான மாப் பொங்கி வந்ததும், "இப்ப போறணையப் பத்த வை மகள்" என்றேன். சுவிட்சைப் போட்டாள். எப்போதும் போல டிக் டிக் என்று பொறி அடித்தது, புஸ் என்று நெருப்புப் பிடித்தது. நாங்கள் திரும்பித் தட்டை எடுக்க முன்பே அணைந்து நூர்ந்து போனது. சிவப்பு விளக்குப் பற்றியது. மறுபடி போட்டாள், மறுபடியும் அப்படியே. மூன்றாம் தரம் அவள் போடப் போக, நான் மறித்தேன். கேஸ் மணம் எனக்கு லேசாக வந்தது. சிலிண்டரைப் பூட்டச் சொன்னேன். பின்கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டு, கடல் காற்று உள்ளே வந்து போகும்வரை இருவரும் முற்றத்தில் நின்றோம். அப்போதுதான், "மச்சானுக்கு எடுப்பமா மாமி?" என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டு உன்னைச் சொல்லி அவள் கேட்டாள். அவர் ஏசி, பிரிட்ஜ் எல்லாம் திருத்துகிறவர், அவருக்குத் தெரியும் என்று எனக்கே அவள்தான் சொன்னாள். அந்தச் சொல்லில் ஒரு பெருமை இருந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நீ வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாய். ஆனாலும் எடுத்தாய். தொடக்கத்தில் நீ சொன்னதெல்லாம் பிழையில்லாதவை, நல்ல நிதானமாகவும் சொன்னாய். சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று அறிய அடுப்புச் சிலிண்டரை மாற்றிக் கொளுவிப் பார்க்கச் சொன்னாய், பார்த்தோம். றெகுலேட்டரிலும் குழாய் மூட்டுகளிலும் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொன்னாய். வரவில்லை. பிளக்கை வேறு இடத்தில் குத்தச் சொன்னாய், அதுவும் செய்தோம். ஒவ்வொரு தரமும் பற்ற வைக்க முன்பு காற்று விடச் சொன்னாய். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்த எனக்கு, என் பிள்ளை தொழில் தெரிந்தவனாகிவிட்டான் என்று மனம் குளிர்ந்தது உண்மை.

அப்படியும் அது பற்றவில்லை. உனக்கு வேலைக்கு வாகனம் வந்துவிட்டது போல, பின்னால் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அதிலிருந்து உன் குரல் மாறத் தொடங்கியது. கீழ்த் தகட்டைக் கழற்றி உள்ளே போனைப் பிடிக்கச் சொன்னாய். அவள் முழங்காலில் இருந்து, தலையைச் சாய்த்து, ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தொட்டுக் காட்டினாள்.

"அது இல்ல, பக்கத்துல. பக்கத்துல எண்டா உனக்கு எது? கைய ஆட்டாதடி, ஒண்டும் தெரியுதில்ல."

"இதா மச்சான்?"

"ஓம், அதுதான். சென்சர்தான் போயிரிக்கி. நெருப்பு இரிக்கிறது அதுக்கு விளங்கல்ல, அதான் கேஸ நிப்பாட்டுது. அதக் கழட்டிப்போட்டு வயர டிரெக்டாக் குடு. எப்படிக் குடுக்கிற எண்டு நான் சொல்லுறன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "டிரெக்டாக் குடுத்தா, நெருப்பு நூந்தாலும் கேஸ் வந்துகொண்டு இரிக்குமே?"

"நூராது."

"நூருதே மச்சான். இப்ப பாத்தம்தானே."

அதற்குப் பிறகு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ மறந்திருப்பாய், வாகனத்தில் ஏறும் முன்பே மறந்திருப்பாய். "நான் இஞ்ச வருசக்கணக்கா இந்த வேலதான் செய்யிறன். பாமஸில குளிச எண்ணுற உனக்கு என்ன தெரியும்? மண்டைக்குள்ள ஒண்டும் இல்லாததெல்லாம் எனக்குக் கேள்வி கேக்குது. சொன்னதச் செய்!"

"கேக்குது" என்றாய், மகன். உன் மனைவியை "அது" என்றாய். நானோ பூனைக்குட்டியைக்கூடப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறவள். உன் சத்தம் போறணைத் தகட்டில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கழுவிய தட்டுகளைக் கொண்டு ஹாஜரா பின்வாசலில் நின்றாள். கலியாண வீட்டுக்காரி, நூறு வேலைக்கு நடுவில் வந்தவள். தட்டுகளைச் சத்தமில்லாமல் படியில் வைத்துவிட்டு, "நான் புறகு வாறன் ராத்தா" என்று திரும்பிப் போனாள். அவள் அந்தப் பேச்சைக் கேட்டாள். தான் கேட்டது நஸ்லியாவுக்குத் தெரியும் என்பதும் ஹாஜராவுக்குத் தெரிந்தது.

நஸ்லியா அழவில்லை. உன்னோடு சண்டைக்கும் வரவில்லை. "நான் இதச் செய்யமாட்டன் மச்சான். போன வெக்கிறன்" என்று சொல்லி வெட்டிவிட்டு, மா மூட்டைக்கு மேல் போனைக் கவிழ்த்து வைத்தாள். உடனே அறைக்குள் என் போன் அடித்தது. நீதான் என்று தெரியும். நான் எழும்பிப் போகவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

படியில் இருந்த தட்டுகளை நான் உள்ளே எடுத்து வந்தேன். பொங்கிய மா தட்டத்தை விட்டு வெளியே வழியத் தொடங்கியிருந்தது. அவள் அதை அமத்தி மூடினாள். பிறகு, "மாமி, அந்த நெருப்ப ஒருக்கா நான் வடிவாப் பாக்கணும். போன்ல காட்டுறதுலயே நேரம் போச்சி, நான் ஒழுங்காப் பாக்கவே இல்ல" என்றாள். என்னைத் தூரத்தில், வாசலுக்கு அந்தப் பக்கம் இருக்க வைத்தாள். போறணைக் கதவைத் திறந்து வைத்து, முகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். பற்றி நூர்ந்தது. உடனே சிலிண்டரைப் பூட்டிவிட்டு வந்தாள்.

"நீலமா வரல்ல மாமி. மஞ்சளா, தொங்கிக்கொண்டு வருது. அந்தப் பக்கம் போய்ச் சேர முந்தியே நூருது."

"அப்படியெண்டா?"

"அப்படியெண்டா சென்சர் சரியாத்தான் சொல்லுது. நெருப்புத்தான் பிழை."

வேறு எந்தப் படிப்பும் அதற்குத் தேவைப்படவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். நீ பார்த்தது கண்ணாடித் துண்டுக்குள் ஒரு படம், அதில் மஞ்சளும் நீலமும் ஒன்றுதான். அங்கிருந்து உனக்குத் தெரியாமல் போனது உன் குற்றம் இல்லை. இங்கிருந்து தெரிந்த ஒருத்தி சொன்னபோது கேட்காமல் விட்டாய், நான் சொல்வது அதைத்தான்.

கேஸ் மணம் முழுக்கப் போகும்வரை இருந்து, பிளக்கையும் கழற்றிவிட்டு, உன் பழைய ஆயுதப் பெட்டியில் இருந்த ஸ்குறூட்றைவரை எடுத்து வந்தாள். நெருப்பு வருகிற இரும்புக் குழாய் ஒன்றைப் பிடித்திருக்கிற ஆணிகளைக் கழற்றினாள். ஒன்று துருப்பிடித்து வர மறுத்தது. தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகினோம். குழாயை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்ததும் அவள் சிரித்துவிட்டாள். காற்று உள்ளே போகிற வாய்க்குள் மண்குளவி கூடு கட்டியிருந்தது. விரலால் குத்த முடியாத அளவுக்கு இறுகின மண். என் கண்ணுக்கு ஓய்வு கொடுத்த வாரங்களில் அது வந்து ஆறுதலாகக் குடும்பம் நடத்தியிருக்கிறது.

நான் யோசிக்காமல், ஊரில் பொம்புளைகள் வழக்கமாகச் சொல்கிற கதையைச் சொல்லிவிட்டேன். "குளவி கூடு கட்டினா வீட்டுல புள்ள கிடைக்கும் எண்டு சொல்லுவாங்க மகள்."

அவள் மண்ணை ஈர்க்குக்குச்சியால் நோண்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அதுக்கு உங்கட மகன் இஞ்ச இரிக்கணுமே மாமி" என்றாள்.

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பு முடிந்த இடத்தில் அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். புதுக் கண் அல்லவா, எல்லாம் தெரிகிறது.

மண்ணை முழுக்க எடுத்து, பல் துலக்குகிற பழைய பிறஸ்ஸால் தேய்த்து, மற்றக் குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, துடைத்து, வைத்த இடத்தில் வைத்துப் பூட்டினாள். மூட்டுகளில் மறுபடி நுரை தடவிப் பார்த்தாள். சுவிட்சைப் போட்டதும் நீலமாக, நேராக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடி நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். சிவப்பு விளக்குப் பற்றவில்லை. சந்தேகம் தீர அவள் ஒரு தரம் அணைத்து மறுபடியும் பற்ற வைத்தாள். பிறகு முதல் தட்டு உள்ளே போனது. கேக்குக்கு மேல் பூ வைக்க நேரம் இருக்கவில்லை, சீனித் தூளைத் தூவி அனுப்பினோம். ஹாஜரா குறை சொல்லவில்லை. நஸ்லியாவின் கையைப் பிடித்து, "ஒனக்கு அல்லாஹ் நல்லது செய்வான் புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

நீ சொன்னபடி செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நானே எழுத வேண்டியதில்லை. நீ தொழில்காரன், உனக்குத் தெரியும். நெருப்பு நூர்ந்த பெட்டிக்குள் கேஸ் நிறைந்துகொண்டே இருந்திருக்கும், அதற்கு முன்னால் முழங்காலில் அவள் இருந்திருப்பாள். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. நீ அவள் மேல் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவசரத்தில் சொன்னாய். ஆனால் வேண்டாம் என்று அவள் சொன்னபோது, ஏன் வேண்டாம் என்கிறாள் என்று ஒரு நிமிசம் கேட்டிருக்கலாம்.

அன்று பின்னேரம் நீ என் போனுக்கு எடுத்தாய். போறணை வேலை செய்கிறது என்றேன். "நான் சொன்னமாதிரிக் குடுத்தீங்களா?" என்று கேட்டாய். இல்லை, குளவிக்கூடு என்றேன். பெரிதாகச் சிரித்தாய். "அவளிட்டக் குடுங்க" என்றாய். அவள் பக்கத்தில்தான் இருந்தாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கை வேலையாக இருக்கிறாள் என்று நான் சொன்னது பொய். அதற்குப் பிறகு நீ எடுக்கிற போனுக்கு அவள் பதில் சொல்வதில்லை என்றும், எழுதிக் கேட்டால் "ஓம்", "சரி" என்று மட்டும் எழுதுகிறாள் என்றும் என்னிடம் முறையிடுகிறாய். "ஒரு சின்னக் கதைக்கு இவ்வளவு நாளா?" என்று நேற்றும் கேட்டாய். சின்னக் கதையா பெரிய கதையா என்பதைச் சொன்னவன் தீர்மானிக்க முடியாது.

அவள் என்னிடம் சொன்னதை இப்போது எழுதுகிறேன். எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அன்றிரவு நிக்காஹ் வீட்டுச் சாப்பாடு வந்தது, இரண்டு பேரும் ஒரே சகன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டோம். நீ அவளுக்கு எடுத்த விசா வந்துவிட்டதே, எப்போது கத்தாருக்குப் போகிறாய் என்று நான்தான் அவளிடம் கேட்டேன். அவள் சாப்பாட்டை அளைந்துகொண்டு இருந்தாள்.

"நான் போகல்ல மாமி."

"ஏன் மகள்? இந்த ஒரு நாள் கதைக்கா?"

"ஒரு நாள் இல்ல மாமி. நீங்க இண்டைக்குத்தான் கேட்டீங்க."

பிறகு இதைச் சொன்னாள்: "இஞ்ச எண்டா போன வெச்சிரலாம். அங்க போனா எங்க வெக்கிற?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ போன் எடுத்தால் அவள் எழும்பி முற்றத்துக்கோ வேலியடிக்கோ போய் நின்று கதைப்பதைப் பெருநாள்களில் பார்த்திருக்கிறேன். புருசன் பொஞ்சாதி கதை, வெட்கத்தில் போகிறாள் என்று நினைத்தேன். உன் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று போயிருக்கிறாள். உன் மானத்தை அவள் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள், மகன். அன்று இரண்டு கையும் வேலையாக இருந்ததால் போன் சத்தத்தைக் கூட்டிப் போட வேண்டி வந்தது, அவ்வளவுதான்.

நீ இப்படிப் பிறந்தவன் இல்லை. சின்ன வயதில் உன் குரல் இதுவல்ல. நான் யோசித்துப் பார்த்தேன். அன்று உன் பின்னால் ஒருவர் உன்னைக் கூப்பிட்டாரே, அந்தக் கூப்பிட்ட விதம் என் காதில் இருக்கிறது. மொழி விளங்கவில்லை, ஆனால் ஒரு மனிதனைக் கூப்பிடுகிற மாதிரி இல்லை. வெயிலில் மொட்டைமாடியில் நின்று ஏசி திருத்துகிறாய், உன்னை ஆட்டுவிக்கிறவர்கள் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நீ வாய் திறக்க முடியாமல் நிற்கிறாய். அதே தொனியை அப்படியே கொண்டுவந்து, உன்னால் வாய் திறக்கக்கூடிய ஒரே ஆளிடம் இறக்குகிறாய். உன் கஷ்டம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர்கள் உன்னை நடத்துகிற விதத்தை நீ மருதமுனை வரைக்கும் அனுப்பத் தேவையில்லை.

உன் வாப்பாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவர் மறுமைக்குப் போய்விட்டார், குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நீ அப்போது கைக்குழந்தை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஸ்டார்ட் வரவில்லை. சாப்பாடு கொண்டுபோன நான், டீசல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். வேலையாட்களுக்கு முன்னால் வைத்து என்னை ஏசினார். நான் சாப்பாட்டை வரம்பில் வைத்துவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு, பாலமுனையில் இருந்த என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். சில நாள் கழித்து அவர் வந்தார். என் தங்கச்சி மாப்பிள்ளையோடு மழையைப் பற்றிக் கதைத்தார், நெல் விலையைப் பற்றிக் கதைத்தார், இரண்டு தேத்தண்ணி குடித்தார். போகிற நேரம் என் பக்கம் பார்க்காமல், "மோட்டர் இப்ப வேலை செய்யிது" என்றார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு அவரோடு வந்துவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான், எனக்கு அது விளங்கியது. பிறகு அவர் ஆட்களுக்கு முன்னால் என்னை ஏசவில்லை. ஆனால் வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இந்த வயதிலும் நினைக்கிறேன். எனக்குப் போதுமாக இருந்தது நஸ்லியாவுக்கும் போதும் என்று நீ நினைத்துவிடாதே. அவளுக்குச் சொல் வேண்டும். நேராகச் சொல்ல வேண்டும்.

நீ இப்போது என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். என்னை நடுவில் விட்டு, "நீங்க சொன்னா கேப்பாள் உம்மா, அனுப்பி வைங்க" என்பாய். நான் சொல்லமாட்டேன். அவள் போகத்தான் வேண்டும் என்று நான் எண்ணவில்லை. போகக் கூடாது என்றும் எண்ணவில்லை. விசாவுக்கு எவ்வளவு பாடுபட்டாய் என்பது தெரியும், அது முடிந்துபோனால் முடிந்து போகட்டும், இன்னொன்று எடுக்கலாம். அவளுடைய வாப்பாவுக்கும் போன் எடுக்காதே. அந்த மனிதருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவள் சொல்லவில்லை, இவ்வளவுக்கும் பிறகும் சொல்லவில்லை. நகை, சீலை ஒன்றும் வாங்கி அனுப்பாதே. பொருள் வந்தால் கதை நின்றுவிடும் என்று நினைப்பாய். நிற்காது.

நேற்று அவள் வேலை முடிந்து கல்முனையிலிருந்து நேரே இங்கே வந்தாள். இப்போதெல்லாம் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் வருகிறாள். என் கண்ணுக்கு மருந்து விட்டாள். விட்டுவிட்டு, மருந்துப் போத்தலை மூடிக்கொண்டே கேட்டாள்.

"நான் போகாட்டி உங்களுக்குக் கோவமா மாமி?"

"எனக்கு என்னத்துக்குக் கோவம்? ஆனா அவனிட்ட நீ ஒரு தரம் சொல்லணும் மகள். 'ஓம்', 'சரி' எண்டு எழுதிக்கொண்டு இரிக்க ஏலா."

"போன்ல சொல்லமாட்டன். முகத்தப் பாத்துச் சொல்லுவன். அவர் என்ன சொல்லுறார் எண்டு முகத்தப் பாத்துக் கேப்பன். அதுக்குப் புறகு பாப்பம்."

அவள் கதவைச் சாத்தவில்லை, மகன். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் என்னிடம் சொல்லியிருக்கிறாள், அது விளங்காதவள் இல்லை நான். ஆகவே லீவு கேள். பெருநாள் வரும்வரை இருக்காதே. லீவு தரமாட்டார்கள் என்றால், தரும் வரைக்கும் கேள். கட்டுநாயக்கா எயார்போட்டில் இறங்கினால் யாரையும் வாகனம் கொண்டு வரச் சொல்லாதே. ஒரு வாகனம் நிறையச் சொந்தக்காரர் வந்து இறங்கினால் அந்த வீட்டில் நீங்கள் இருவரும் தனியாகக் கதைக்க முடியாது. கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வழியாக வருகிற பஸ்ஸில் ஏறு. அந்த பஸ் மருதமுனையைத் தாண்டித்தான் சாய்ந்தமருதுக்கு வரும். ஒவ்வொரு முறையும் உம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று நேரே இங்கே வருவாயே, இந்த முறை அது வேண்டாம். மருதமுனையிலேயே இறங்கு. அது அவள் பெயரில் இருக்கிற வீடு, வாசலில் நின்று ஸலாம் சொல்லு, அவள் பதில் சொல்லி வரச் சொன்னால் உள்ளே போ. முதலில் அவள் சொல்லி முடிக்கட்டும். இடையில் சரி சரி என்று சொல்லாதே. பிறகு நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு.

நான் அங்கே வரமாட்டேன். வாசல் பக்கம்கூட வரமாட்டேன். நீ ஊருக்கு வந்துவிட்டாய் என்பதை அவளே போன் எடுத்து எனக்குச் சொல்லட்டும். எடுக்காவிட்டால், வந்ததுக்குப் பயன் இல்லை என்று நான் விளங்கிக்கொள்வேன். எடுத்தால், அடுத்த நாள் இரண்டு பேரும் ஸ்கூட்டியில் வாருங்கள். அவள்தான் ஓட்டுவாள், நீ பின்னால் இரு.

உனக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிற
உம்மா